நாட்டுப்புற இசையை நேரில் கேட்க வேண்டும்: ஒரு வருஷம் தங்க எந்த ஊர் நல்லது?

ஓடைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூரில் இருக்கிறேன், வயது 41. வருகிற தை மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு எங்கே இருந்து வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார், அவருக்கு 68. இந்த ஒரு வருஷத்தை நாட்டுப்புற இசை இன்னும் உயிரோடு இருக்கிற ஓர் ஊரில், வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கிக் கழிக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை. சுற்றுலா போல நாலு நாள் வந்து போவதில்லை. வாரத்தில் ஒரு ராத்திரியாவது எங்காவது போய் உட்கார்ந்து கேட்க முடிகிற ஊராக இருக்க வேண்டும்.

ஏன் இந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் வந்தவாசிக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊரில் பாரதக் கூத்து வைத்திருந்தார்கள். பாதி ராத்திரியில் அம்மா மடியில் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் எதிரே இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்திருக்கிறார்கள், அதன் பின்னால் துரியோதனன் நின்று பாடுகிறார், ஆள் தெரியவில்லை, கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் மட்டும் திரைக்கு மேலே மின்னி மின்னி ஆடுகின்றன. கூடவே முகவீணை, நாதசுரம் போல ஊதுகிற சின்னக் குழல். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

போன வருஷம் இங்கே ஒரு கலை விழாவில் தெருக்கூத்து என்று போட்டிருந்தார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அந்தக் குழுவுக்குக் கொடுத்த நேரம் 12 நிமிஷம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து முகத்தில் அரிதாரம் பூசி, மரத்தில் செய்த கட்டை அணிகளைக் கட்டி வந்தவர்களை, பாட்டு பாதியில் இருக்கும்போதே மணியடித்து இறக்கிவிட்டார்கள். அம்மா வீடு வரும்வரை பேசவே இல்லை.

அதனால் கேட்கிறேன். மேடை நிகழ்ச்சி வேண்டாம். ஊர்க்காரர்கள் தங்களுக்காக வைக்கிற பாட்டு எந்தப் பக்கத்தில் அதிகம்? வாடகை பத்தாயிரத்துக்குள் இருந்தால் நல்லது, இணையம் ஒழுங்காக வர வேண்டும், இரண்டு பெண்கள் ராத்திரியில் போய் வருவதற்குத் தோதான ஊராக இருக்க வேண்டும்.

பனங்காடு எழுதியது:

நாகர்கோவிலுக்கு வாங்க. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். குமரி, நெல்லை, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, சில இடங்களில் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு கோவில் இருக்கும். சுடலை மாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், முண்டன் என்று ஒவ்வொன்றுக்கும் கொடை, அதாவது கோவில் திருவிழா, உண்டு. கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியாது, பணம் குறைவான கோவில் என்றால்தான் விட்டுவிடுவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியிலும் அப்புறம் ஆடி, ஆவணியிலும் நீங்கள் ஒரு வாரத்தில் ஒரு ராத்திரி என்று கேட்டதெல்லாம் மிகக் குறைவு, ஒரே ராத்திரியில் நாலு ஊரில் நடக்கும், எதற்குப் போவது என்று தெரியாமல் நிற்பீர்கள். அம்மன் கோவில்களுக்குப் பெரும்பாலும் செவ்வாய், சுடலைக்கு வெள்ளி. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம். "கச்சேரி எங்கே" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கொடைக்கு ஒரு வாரம் முன்னால் பந்தக்கால் நடுகிற கால்நாட்டு முடிந்ததும் நோட்டீஸ் அடித்து டீக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் கொடுத்துவிடுவார்கள், மஞ்சளோ ரோஸோ ஒரு தாள். அதில் குடியழைப்பு எத்தனை மணி, மதியக்கொடை எத்தனை மணி, சாமக்கொடை எத்தனை மணி, வில்லிசை யார் என்று எல்லாம் இருக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நின்றாலே ரெண்டு நோட்டீஸ் பார்த்துவிடலாம். அதுவும் கிடைக்கவில்லையா, ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் ஏறி நில்லுங்கள், குழாய் ஸ்பீக்கர் சத்தம் எந்தத் திசையில் வருகிறதோ அந்தப் பக்கம் போனால் டியூப்லைட் கட்டியிருப்பது தெரியும்.

போனால் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் சொல்கிறேன். பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டாம், குடம் அடிப்பவருக்கு நேராக உட்காருங்கள். வைரம் பாய்ந்த பனையில் செய்த பெரிய வில், அதன் கதிர் நெடுக மணிகள், அதை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், குடம் வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்திருக்கும். குடம் அடிப்பவர் ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த பத்தியை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார், அப்போது அடிவயிற்றில் விழுகிற மாதிரி ஒரு 'தொம்' வரும் பாருங்கள், அந்தச் சத்தம் எந்த ஒலிபெருக்கியிலும் வராது, பக்கத்தில் இருந்தால் மட்டும்தான். பாட்டுத் தலைவரான அண்ணாவி வீசுகோலை மேலே எறிந்து பிடித்து நாணில் அடிக்கும்போது மணி எல்லாம் சேர்ந்து குலுங்கும். பக்கத்தில் உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும்.

இன்னொரு விஷயம். சாமி வருகிற நேரத்துக்குச் சரியாகக் கதை அந்தச் சாமியின் வரத்துக்கு, அதாவது சாமி வந்திறங்குகிற கட்டத்துக்கு, வந்து சேர வேண்டும். அதனால் அண்ணாவி பூசாரியைப் பார்த்துப் பார்த்துக் கதையை நீட்டுவார், சுருக்குவார், நடுவில் ஒரு கிளைக்கதை போடுவார். வரத்துப்பாட்டு ஆரம்பித்ததும் தாளம் ஓட ஆரம்பிக்கும், சாமியாடுகிற கோமரத்தாடி எழுந்துவிடுவார். அந்த நேரம் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், அதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பெரிய கொடைகளில் வில் ஒரு பக்கம், கணியான் கூத்து ஒரு பக்கம், சன்னதிக்கு முன்னால் நையாண்டி மேளம் என்று மூன்றும் இருக்கும். கணியான் கூத்தில் மகுடம் என்கிற கொட்டு இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். நடுவில் தீ மூட்டி அதன் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். பெண் வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். வில்லுப்பாட்டையாவது ரேடியோவிலும் டிவியிலும் கேட்கலாம், மகுடத்தைக் கேட்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும்.

புரட்டாசியில் நவராத்திரி பத்து நாளும் குலசேகரன்பட்டினம் தசரா. திருச்செந்தூருக்குத் தெற்கே, முத்தாரம்மன் கோவில். வேஷம் கட்டிய குழுக்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் மேளத்தோடு கிளம்பி ஊர் ஊராகப் போகும். கடைசி நாள் கடற்கரைக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம், அதற்கு முந்தைய நாட்களில் உடன்குடி பக்கம் தெருவில் நின்றாலே போதும்.

பெண்கள் ராத்திரியில் வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். கொடையில் கூட்டத்தில் பாதி பெண்கள்தான், பாய் விரித்துக் குழந்தைகளோடு விடிய விடிய இருப்பார்கள். பாடுவதிலும் இப்போது பெண்கள் நிறைய. 2018-இல் மறைந்த பூங்கனி அம்மாள் சின்னப் பெண்ணாக வில் முன்னால் உட்கார்ந்த காலத்தில் அது பெரிய விஷயம், இப்போது நோட்டீஸில் பார்த்தால் பெண்கள் பெயரில் வில்லிசைக் குழு எத்தனையோ.

செய்யாற்றங்கரை எழுதியது:

பனங்காடு சொன்னது எல்லாம் சரி, ஆனால் சகோதரி கேட்டது முகவீணை. அது நாகர்கோவிலில் கிடைக்காது.

நீங்கள் உங்கள் அம்மா ஊர்ப் பக்கமே வருவதுதான் முறை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, இந்தப் பக்கம் காஞ்சிபுரம், அந்தப் பக்கம் செஞ்சி, திண்டிவனம் வரைக்கும் திரௌபதி அம்மன் கோவில் இருக்கிற ஊரெல்லாம் பாரதம் வைப்பார்கள். பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் போகும். ஒரு ஊரில் பத்து நாள் கூத்து என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, விடியற்காலை வரைக்கும். பிரசங்கியார் பகலில் சொன்ன கட்டம்தான் ராத்திரி கூத்தாக வரும். உங்கள் அம்மாவுக்குப் பகல் பிரசங்கம் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பாட்டும் வசனமுமாக இரண்டு மூன்று மணி நேரம் போவதே தெரியாது, வயசானவர்கள்தான் முன் வரிசை.

அர்ஜுனன் தபசு அன்று உயரமான மரம் நட்டு, வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். மேலே போனதும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே போடுவார், பிள்ளை இல்லாதவர்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம், மண்ணில் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள், அன்றைக்குச் சாயங்காலம் தீமிதி. படுகளத்தில் பெண்கள் ஒப்பாரி வைப்பதையும் கேளுங்கள். கூத்துக்காரர்கள் பாட, ஊர்ப் பெண்கள் உண்மையாகவே அழுதுகொண்டு கூடச் சேர்ந்துகொள்வார்கள். பத்து ராத்திரியும் அவர்கள் பார்த்து வந்த ஆள் அல்லவா அவன்.

செய்யாறுக்குப் பக்கத்தில் புரிசை என்று ஓர் ஊர். கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடுகிற ஊர். அங்கே அவர் நினைவாக வருஷா வருஷம் விடிய விடிய விழா நடத்துகிறார்கள், வெளியூரிலிருந்தும் குழுக்கள் வரும்.

கூத்து இல்லாத மாதங்களிலும் ஒன்றும் காலியாக இருக்காது. மாதா மாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் ஊஞ்சல் உற்சவம், பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் வைத்துத் தாலாட்டுப் பாடுவார்கள். செஞ்சியிலிருந்து பஸ் இருக்கிறது. கூட்டம் மிக அதிகம், அமாவாசைக்கு மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போங்கள். மாசியில் மயானக்கொள்ளை.

வீடு செய்யாறு டவுனிலேயே எடுங்கள். இணையம் பிரச்சினை இல்லை. கார்த்திகை மழையில் மட்டும் கரண்டு போகும்.

உறுமிச்சத்தம் எழுதியது:

மதுரைக்காரன் என்கிற முறையில் நானும் எங்கள் ஊரைச் சொல்லலாம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது மண்டபத்துக்கு மண்டபம் அழகரைப் புகழ்ந்து வர்ணிப்புப் பாடுவார்கள், அது ஒன்றுக்காகவே வரலாம். மாசி முதல் ஆடி வரைக்கும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்களில் ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடியும்வரை வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர் நல்லவராக அமைந்தால் அதைப் போன்ற கேள்வி இன்பம் வேறு இல்லை. இதை நாட்டுப்புறம் என்று சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், திண்ணையில் இடம் போதாமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஊரே கேட்கிறது, எனக்கு அது போதும்.

ஆனால் ஓடைக்கரை, நான் சொல்ல வந்தது வேறு. "செழிப்பாக இருக்கிறது" என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? என் சித்தப்பா பறை அடித்தவர். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அவர் போயே ஆக வேண்டும், காய்ச்சல் என்றாலும் போக வேண்டும், கூலி கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். 1990-களில் எங்கள் தெரு ஆட்கள் எல்லாரும் கூடி, இனிமேல் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. வெளியிலிருந்து வந்து பார்ப்பவருக்கு அந்த ஊரில் பறைச் சத்தம் நின்றுபோனது நஷ்டமாகத் தெரியும். எங்களுக்கு அது தலை நிமிர்ந்த நாள்.

அதே பறையை என் சித்தப்பா மகள் இப்போது காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறாள், அதை மனசாரச் சொல்கிறேன். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைப் பக்கம் பயிற்சி நடக்கிற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். வைக்கோலைக் கொளுத்தி அதில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, சத்தம் ஏறியதும் ஒரு கையில் சிண்டுக் குச்சி, ஒரு கையில் அடிக்குச்சி வைத்து வரிசையாக நிற்பார்கள். பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி. யாரும் கட்டாயப்படுத்தி வந்தவர்கள் இல்லை.

எங்கே தங்கினாலும் பாடுபவர்களோடு பேசுங்கள், என்ன கூலி என்று கேளுங்கள், கேட்பது தப்பில்லை. சீசன் ஆறு மாசம்தான், மீதி ஆறு மாசம் கொத்து வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறவர்கள்தான் அதிகம். நல்ல பாட்டு என்றால் நூறோ இருநூறோ அன்பளிப்பு கொடுங்கள், மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள், வெட்கப்படாமல் உட்கார்ந்திருங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

உறுமிச்சத்தம், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஊரில் பறையடித்த பெரியவர் திண்ணைக்குக் கீழேதான் உட்கார வேண்டும், சாப்பாடு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், அதைச் சின்ன வயதில் தப்பென்றே நினைத்ததில்லை என்று சொன்னார். ரொம்ப நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் சொன்னபடி கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம்.

இப்போது நாகர்கோவிலா செய்யாறா என்று குழப்பம். இரண்டு இடத்திலும் சீசன் ஒன்றாகவே வருகிறதே, பங்குனி முதல் ஆடி வரை. அப்படியென்றால் ஒன்றைத்தான் பார்க்க முடியுமா? ஐப்பசி முதல் தை வரைக்கும் என்ன செய்வது?

நொய்யல்காரன் எழுதியது:

அந்த நாலு மாசத்துக்கு எங்கள் பக்கம் வாங்க. திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர்.

எல்லாரும் திருவிழாவையே சொல்கிறீர்கள். நான் சொல்வது பழகுகிற இடம். எங்கள் ஊர்களில் இப்போது வள்ளி கும்மி பழகாத ஊர் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்திலோ கோவில் வாசலிலோ ஆசிரியர் மைக் வைத்துப் பாட, சின்னப் பிள்ளைகள், காலேஜ் பெண்கள், மில்லு வேலை முடிந்து வந்தவர்கள், அறுபது வயசு ஆத்தாக்கள் எல்லாரும் வட்டமாக நின்று அடி பழகுவார்கள். வள்ளி தினைப்புனம் காத்ததிலிருந்து முருகன் கிழவனாக வந்தது வரை கதை முழுக்கப் பாட்டாகவே போகும். மாசக்கணக்கில் பழகி முடித்ததும் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். அரங்கேற்றத்தை விட எனக்குப் பழகுகிற நாள்தான் பிடிக்கும், ஏனென்றால் ஆசிரியர் ஒரு அடியை நிறுத்தி, திரும்பப் பாடி, எங்கே கை தட்ட வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று சொல்வார், பாட்டு எப்படிக் கட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். உங்களையும் நிற்கச் சொல்வார்கள். அம்மாவையும்தான்.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். சில இடங்களில் சாதி அமைப்புகள் கும்மியைத் தங்கள் சொத்து போலக் காட்டப் பார்க்கின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை, அப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் போகாதீர்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற குழுக்கள் நிறைய இருக்கின்றன.

உடுக்கையடிப் பாட்டும் கேட்காமல் போகக் கூடாது. அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் என்கிற அண்ணன் தம்பி வீரர்களின் கதை. 1960-களில் பிரெண்டா பெக் என்கிற கனடா ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி இந்தக் கதையைப் பல ராத்திரிகள் ஒலிப்பதிவு செய்தார், ஊரோடு ஊராக இருந்ததனால்தான் அது அவருக்குக் கிடைத்தது. இன்றைக்கும் படுகளம் வைக்கிற ஊர்களில் கதை பாடும்போது வீரர்கள் விழுவதும், அவர்களை எழுப்புவதும் நடக்கும். மாசியில் மணப்பாறை பக்கம் வீரப்பூர்த் திருவிழா, அதற்குப் போய்விட்டு அப்படியே பங்குனிக்குத் தெற்கே இறங்கிவிடலாம்.

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நொய்யல்காரன் பழகுகிற இடத்தைப் பற்றிச் சொன்னதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு கூத்துப் பழகி முடிய மாதக்கணக்கு ஆகும். முதலில் சட்டம் கொடுத்தல், அண்ணாவியார் கூடியிருக்கிற சபையில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பாட்டு எழுதிய கொப்பியை (நோட்டுப் புத்தகத்தை) கையில் கொடுப்பார். பிறகு இரவு இரவாக ஆட்டம் பழகுவது, பிறகு சதங்கை அணிதல், பிறகு முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். அதோடும் முடியாது, அரங்கேறிய கூத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஆடுவார்கள். சதங்கை அணிகிற இரவுதான் எனக்குப் பிடித்தது. அதுவரை வெறும் காலோடு ஆடியவனின் காலில் முதல் முறையாகச் சதங்கை கட்டி, வட்டக் களரியில் இறக்கிவிட்டதும் அவனுடைய தாய் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வடமோடி, தென்மோடி என்று எங்கள் கூத்து இரண்டு வகை, இரண்டுக்கும் வாத்தியம் என்று பார்த்தால் மத்தளமும் தாளமும்தான். வேறு ஒன்றும் இல்லை. பாட்டும் காலும் மத்தளமும் சேர்ந்து அவ்வளவு நிறைவைக் கொடுக்கும். கன்னன்குடா, சீலாமுனை என்று கூத்துக்குப் பேர்போன ஊர்கள் உண்டு. வயல் அறுவடை முடிந்த காலம் பார்த்து ஒரு இரண்டு கிழமை, அதாவது இரண்டு வாரம், வந்து போங்கள். வைகாசி என்றால் கண்ணகை அம்மன் சடங்கும் குளிர்த்திப் பாடலும் கேட்கலாம்.

பனங்காடு வில்லுப்பாட்டில் தலைவரை அண்ணாவி என்று எழுதியிருக்கிறார், எங்களிடம் அண்ணாவியார். கடல் கடந்தும் சொல் ஒன்றுதான் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

பனங்காடு எழுதியது:

வாவிக்கரை, கணியான் கூத்திலும் பாடுகிற தலைவர் அண்ணாவிதான். நானும் உங்கள் பதிவைப் பார்த்த பிறகுதான் இதை யோசிக்கிறேன்.

ஓடைக்கரை, சீசன் ஒன்றாக வருகிறது என்று கவலைப்படாதீர்கள். பங்குனி, சித்திரை இங்கே இருங்கள். வைகாசி, ஆனியில் செய்யாறுக்குப் போங்கள், அங்கே கூத்து உச்சத்தில் இருக்கும், இங்கே ஆனியில் குறைவு. ஆடி, ஆவணிக்கு மறுபடியும் இங்கே. ஒரே வீட்டை வருஷம் முழுக்கப் பிடித்துவைக்க வேண்டாம், இங்கே மாச வாடகைக்குத் தளவாடத்தோடு வீடுகள் கிடைக்கும், முன்பணம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆடலும் பாடலும் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அது சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஏமாந்து போய்விடாதீர்கள். அதே கொடையில் வில்லும் இருக்கும், ஆனால் அதைப் பகலுக்குத் தள்ளிவிடுவார்கள். பத்து வருஷம் முன்னால் ராத்திரி முழுக்க வில் கேட்ட ஒரு ஊரில் இப்போது மதியக்கொடைக்கு முன்னால் இரண்டு மணி நேரம்தான், பந்தலில் பதினைந்து கிழவிகள், நான், ஒரு நாய். அன்றைக்கும் அந்த அண்ணாவி ஒரு வரியைக் கூடக் குறைக்காமல் பாடினார். நீங்களும் அம்மாவும் வந்து உட்கார்ந்தால் பந்தலில் ரெண்டு பேர் கூடுதல், அவருக்கு அது பெரிய விஷயம்.

செய்யாற்றங்கரை எழுதியது:

சரி, வைகாசி ஆனி எங்களுக்கு, ஒப்புக்கொள்கிறேன். சகோதரி, உங்கள் அம்மா ஊர் எது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துப் பாரத நோட்டீஸ் வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். இன்னொன்று, கூத்துக்குப் போகும்போது ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் மூன்று மணிக்கு மேல் ஏரிக்காற்று குளிரும்.

ஓடைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது ஓர் ஊர், நீங்கள் ஒரு பஞ்சாங்கமே கொடுத்துவிட்டீர்கள். அம்மா நோட்டுப் புத்தகத்தில் மாத வாரியாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

தையில் திருப்பூர், மாசி வீரப்பூர் முடியும் வரை அங்கேதான், நொய்யல்காரன், கும்மி பழகுகிற இடமாகப் பார்த்து வீடு சொல்லுங்கள். பங்குனி முதல் வாரம் நாகர்கோவில், வடசேரிப் பக்கம் வீடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். வைகாசியில் அம்மாவின் ஊர். அவர் அங்கே போய் 22 வருஷம் ஆகிறது. கூத்தில் முகவீணை வாசித்தவர் பெயரை அம்மா இன்னும் மறக்கவில்லை, அவர் வீட்டில் யாராவது இப்போது வாசிக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறார். செய்யாற்றங்கரை, பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மட்டக்களப்பு அடுத்த வருஷம் கட்டாயம்.

பனங்காடு எழுதியது:

எங்கள் தெரு முத்தாரம்மன் கொடை சித்திரை கடைசிச் செவ்வாய். பாய் நாங்களே கொண்டுவந்துவிடுவோம், நீங்கள் குடத்துக்கு நேராக இடம் பிடித்துவிடுங்கள்.